முன்பாதி வேறொருவர் வாசித்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,
புனித அகுஸ்தினாரின் மறைசாட்சி விழா மறையுரைகள் சிலவற்றைப் படித்தேன். அந்த மறைசாட்சி யார், எப்படிப் பிடிபட்டார், எப்படி இறந்தார் என்று கோர்வையாக எதுவும் இல்லை. பேச்சைப் பாதியிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது. பக்கங்கள் தொலைந்துபோனவையா?
எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,
பக்கம் எதுவும் தொலையவில்லை. ஆனால் பாதியிலிருந்துதான் கேட்கிறீர்கள். அகுஸ்தினார் ஆயராக இருந்த வட ஆப்பிரிக்காவில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சியின் ஆண்டு நாளில் அவருடைய பாடுகளின் வரலாற்றைக் கோவிலிலேயே உரக்க வாசித்தார்கள். திருநூல் என்ற பெயரில் வேறெதையும் வாசிக்கக் கூடாது என்று விதித்த 397ஆம் ஆண்டு கார்த்தேஜ் ஆயர் சங்கமும் இதை அனுமதித்தது. அது முடிந்த பிறகே ஆயர் பேசுவார். கேட்டதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

274ஆம் மறையுரையைப் பாருங்கள். திருத்தொண்டர் வின்சென்டியுஸின் நாள், ஜனவரி 22. நீண்ட வாசகம் கேட்டோம், பகலோ குறுகியது, நீண்ட பேச்சால் உங்கள் பொறுமையைச் சோதிக்கக் கூடாது என்கிறார். குளிர்காலப் பகல், மக்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வின்சென்டியுஸ் என்றால் வெல்பவர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு ‘சொல்லில் வென்றார், வதையில் வென்றார்’ என்று அடுக்குகிறார். நடுவே ‘அலையில் மூழ்கியும் வென்றார்’ என்று வருகிறது. உடலைக் கடலில் எறிந்ததும் அது கரை ஒதுங்கியதும் சற்றுமுன் வாசிக்கப்பட்டவை. அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும்.

இப்படி மிச்சமாகும் நேரத்தை எதற்குச் செலவிட்டார்? பெரும்பாலும் ஒரே வாதத்துக்கு: மறைசாட்சியை ஆக்குவது தண்டனை அல்ல, காரணம். தங்களிடமும் மறைசாட்சிகள் உண்டு என்று, திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்துவாதிகள் சொல்லிவந்த ஊரில் இதை ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லா ஊரிலும் இதே முறை என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவில் புனித பசிலியார், செபஸ்தேயில் உறைபனியில் நிறுத்திக் கொல்லப்பட்ட நாற்பது வீரர்களின் கதையைத் தாமே முழுக்கச் சொல்கிறார். அந்த உரையைத் தனியாகவே படிக்கலாம்.

அகுஸ்தினாரை மட்டும் அப்படிப் படிக்காதீர்கள். 203இல் கார்த்தேஜில் இறந்த பெர்பெத்துவா, ஃபெலிசித்தாஸ் வரலாற்றை முதலில் படியுங்கள். அதில் ஒரு பகுதி பெர்பெத்துவாவே சிறையில் எழுதியது. பிறகு 280 முதல் 282 வரையுள்ள உரைகள். இரு பெயரையும் சேர்த்தால் லத்தீனில் ‘நீங்காத பேரின்பம்’. மொழிபெயர்ப்பில் இந்தச் சிலேடை காணாமல் போகும், அதனால் லத்தீன் மூலம் பக்கத்தில் இருக்கட்டும். 280இல் ‘அப்போது அந்தப் பெண் எங்கே இருந்தாள்?’ என்று கேட்கிறார். விடை, நீங்கள் முதலில் படித்த வரலாற்றில் இருக்கிறது: வெறிகொண்ட பசு பெர்பெத்துவாவை முட்டித் தூக்கி எறிந்துவிட்டது. அவளோ உறக்கம் கலைந்தவள்போல, ‘நம்மை அந்தப் பசுவிடம் எப்போது விடுவார்கள்?’ என்று விசாரிக்கிறாள். உடம்பிலும் உடையிலும் இருந்த அடையாளங்களைப் பார்த்த பிறகுதான் நம்புகிறாள்.