சாப்பர் தளபதியான கதை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்தவர் ராணுவத் தலைமைத் தளபதி ஆக முடியுமா?

முடியும். ஆனால் இதுவரை ஒருவர்தான் ஆகியிருக்கிறார். 1982 டிசம்பரில் பம்பாய் சாப்பர்ஸில் (சாப்பர் என்றால் ராணுவப் பொறியாளர் படைவீரர்) அதிகாரியாகச் சேர்ந்த மனோஜ் பாண்டே, 2022 ஏப்ரல் 30 அன்று தலைமைத் தளபதியானார். அதுவரை காலாட்படை, கவசப்படை, பீரங்கிப்படைக்காரர்களே அந்த இடத்துக்கு வந்தார்கள்.

கேள்வி: பாலம் கட்டியவருக்குச் சண்டை நடத்தத் தெரியுமா?

கிண்டல் புரிகிறது! ஆனால் சாப்பரின் வேலையே சண்டைக்கு நடுவில்தான். கண்ணிவெடியை அகற்றி வழி திறந்தால்தான் டாங்கியே நகரும். அப்புறம், கர்னல் பதவியைத் தாண்டினால் பழைய பிரிவு மெல்லப் பின்னுக்குப் போய்விடும். 2023 ஆகஸ்டிலிருந்து பிரிகேடியர் முதல் மேலே உள்ள எல்லாருக்கும் ஒரே சீருடைதான். பாண்டே பராக்ரம் நடவடிக்கையின்போது (2001-02இல் பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த நேரம்) ஜம்முவின் பல்லன்வாலா பகுதியில் 117ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டை நடத்தினார். பிறகு ஒரு பொறியாளர் பிரிகேட். அதற்கப்புறம் கிடைத்ததுதான் அவரை மேலே கொண்டுபோனது என்பேன்: எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் காலாட்படை பிரிகேட், மேற்கு லடாக்கில் மலை டிவிஷன், வடகிழக்கில் ஒரு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை), அந்தமானின் முப்படைக் கமாண்ட், கடைசியில் கிழக்குக் கமாண்ட். பொறியாளராகவே இருந்திருந்தால் இந்தப் பட்டியல் பாதியில் நின்றிருக்கும்.

கேள்வி: அவருக்கு முன் யாருக்குமே வாய்ப்பு வரவில்லையா?

வந்து, கைநழுவியது. பிரேமிந்திர சிங் பகத்தும் பம்பாய் சாப்பர்தான். 1941இல் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) நான்கு நாள் விடியலிலிருந்து அந்தி வரை கண்ணிவெடி அகற்றினார். அவர் சென்ற வண்டி இருமுறை வெடியில் சிக்கியது. விக்டோரியா சிலுவை கிடைத்தது. பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரலாகி வடக்குக் கமாண்டை நடத்தினார். அப்போதைய தளபதி பேவூருக்குப் பதவி நீட்டிப்பு கொடுத்தார்கள். பகத் 1974இல் ஓய்வுபெற்று தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்குத் தலைவராகப் போனார். எனக்கு இன்றும் அது உறுத்தும்.

கேள்வி: என் மகள் பி.இ. முடித்திருக்கிறாள். எப்படிச் சேர்வது?

குறுகிய காலப் பணியின் தொழில்நுட்ப நுழைவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பெண்களுக்கும் உண்டு. எஸ்.எஸ்.பி. (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்முகத்தில் தேறினால் பயிற்சி சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலேயேகூடக் கிடைக்கலாம். ஒன்று, பி.இ. படித்ததால் சாப்பர்தான் என்றில்லை, சிக்னல்ஸ் (தகவல்தொடர்புப் பிரிவு), இ.எம்.இ. (கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு) என்றும் போடுவார்கள்.

கேள்வி: மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்னையிலா இருக்கிறது?

இல்லை, பெங்களூரில். பெயர் மட்டும் நம்முடையது. அந்த வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள்.