பைத்தான் தெரிந்தவர் கோ மொழிக்குப் போகும்போது

கேள்வி: மூன்று வருடமாகப் பைத்தானில் வேலை செய்கிறேன். இப்போது கோ மொழி கற்கச் சொல்கிறார்கள். இரண்டு மாதமாக வீடியோ பார்த்துக் கூடவே டைப் செய்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் இருபது வரிகூட வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் வீடியோவை நிறுத்துங்கள். அடுத்த வரி என்ன என்று யோசிக்கும் வேலையை அங்கே வேறொருவர் செய்துவிடுகிறார். உங்களுக்குப் பழக வேண்டியதே அதுதான். லூப், ஃபங்ஷன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பைத்தானும் கோவும் எங்கே பிரிகின்றன என்பதை மட்டும் தேடிப் பிடியுங்கள்.

கோ மொழியின் கீவேர்டுகள் மொத்தமே 25. 'எ டூர் ஆஃப் கோ' என்ற அதிகாரபூர்வப் பயிற்சியைச் சில நாளில் முடித்துவிடலாம். கடைசியில் வரும் கன்கரன்சி (ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கையாள்வது) பகுதியை இப்போதைக்குத் தொட வேண்டாம். பிறகு, பைத்தானில் நீங்கள் ஏற்கெனவே எழுதிய நூறு வரிக்குள்ளான ஒரு புரோகிராமை கோ மொழியில் எழுதுங்கள். ஒரு ஃபைலைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, முதல் பத்தைக் காட்டும் புரோகிராம் என்றால் மிகவும் நல்லது. கணக்கு தெரிந்ததுதான் என்பதால் கவனம் முழுக்க மொழியில் இருக்கும்.

ஒவ்வொரு முறை ரன் செய்யும் முன்பும் என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஊகம் பொய்க்கும் இடம்தான் அன்றைய பாடம். உதாரணமாக, 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை லென் ஃபங்ஷனிடம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும், கோ 15 என்று சொல்லும். பைத்தான் எண்ணுவது யூனிகோட் குறிகளை. கோ எண்ணுவது பைட்டுகளை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். கோ மொழியிலும் 5 வேண்டுமென்றால் ரூன்களாக (யூனிகோட் குறிக்கு கோ வைத்த பெயர்) மாற்றி எண்ண வேண்டும்.

சொற்களை எண்ணும் மேப்பை (பைத்தான் டிக்‌ஷனரிக்கு இணையானது) 'மேக்' கொண்டு உருவாக்காமல் வெறுமனே அறிவித்துவிட்டு அதில் எழுதினால் புரோகிராம் பேனிக் ஆகி நின்றுவிடும். மேப்பை லூப்பில் ஓட்டினால் வரிசையும் ரன்னுக்கு ரன் மாறும்; பைத்தான் 3.7 முதல் டிக்‌ஷனரி நுழைத்த வரிசையைக் காப்பாற்றுவதால் இது உங்களை நிச்சயம் குழப்பும்.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது ஸ்லைஸ், அதாவது பைத்தான் பட்டியலின் இடத்தில் கோ பயன்படுத்துவது. வரிசைப்படுத்திய பட்டியலில் முதல் பத்தை வெட்டி எடுத்து, அதன் கடைசியில் 'மற்றவை' என்று ஒன்றை அப்பெண்ட் செய்து பாருங்கள். பைத்தானில் வெட்டினால் நகல் கிடைக்கும், மூலப் பட்டியலுக்கு ஒன்றும் ஆகாது. கோ மொழியில் வெட்டிய துண்டும் மூலப் பட்டியல் இருக்கும் அதே அர்ரேயைத்தான் (நினைவகத்தில் உள்ள இடத்தைத்தான்) பயன்படுத்துகிறது. பத்துக்கு அப்பால் இடம் இருப்பதால், மூலப் பட்டியலின் பதினோராவது சொல் அழிந்து அங்கே 'மற்றவை' போய் உட்காரும். எரர் எதுவும் வராது. தனி ஸ்லைஸில் நகலெடுத்துக்கொண்டு அப்பெண்ட் செய்வதே தீர்வு.

ஃபைல் திறக்கும்போது திரும்பி வரும் எரரை, டிரை–எக்ஸெப்ட் பழக்கத்தில், அடிக்கோடு (_) போட்டுத் தள்ளிவிடாதீர்கள். அங்கேயே சோதித்துவிடுங்கள்.

சிக்கினால் இருபது நிமிடம் நீங்களே முட்டிப் பாருங்கள். பிறகு ஆவணத்தைத் திறங்கள். ஏஐ உதவி வேண்டுமென்றால், புரோகிராம் ஓடிய பிறகு, 'இதில் எதெல்லாம் பைத்தான் வாடையடிக்கிறது?' என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே புரோகிராமைப் பழையதைப் பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். தடங்கலின்றி வந்துவிட்டால், தள்ளிவைத்த கன்கரன்சி பகுதியில் வரும் கோரூட்டீன் பக்கம் போகலாம்: அதே சொல் எண்ணும் வேலையைப் பல ஃபைல்களுக்கு ஒரே நேரத்தில் செய்து பாருங்கள்.