திருவல்லிக்கேணியில் நான் முதலில் காட்டும் இடங்கள்

சென்னையில் நீங்கள் இருக்கும் பகுதியில், ஊருக்குப் புதிதாக வருபவரை எங்கெல்லாம் கூட்டிப்போவீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அது திருவல்லிக்கேணி. வேலை தேடி வந்தபோது பெரிய தெருவை ஒட்டிய ஒரு மேன்ஷனில் அறை கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகும் இந்தப் பக்கமே வீடு பார்த்துக்கொண்டேன். சென்னையில் யாரையும் தெரியாமல் ஒரு பையோடு வந்து இறங்குகிறவனைச் சந்தேகமாகப் பார்க்காத பேட்டை இது. நான் சொல்லப்போகும் இடங்கள் எல்லாமே அந்தக் குணம் உள்ளவை.

வருவது ரம்ஜான் மாதம் என்றால் நேராகப் பெரிய மசூதிக்குத்தான் கூட்டிப்போவேன். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-ல் கட்டியது. மரமோ இரும்போ சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பியிருக்கிறார்கள். முன்னால் பரந்த மைதானம். இவ்வளவு நெருக்கடியான பேட்டைக்குள் இப்படி ஒரு வெட்டவெளி இருப்பதே பெரிய நிம்மதி. உள்ளே கல்லில் பொறித்திருக்கும் பாரசீக வரிகளை எழுதியவர் ராஜா மக்கன் லால், நவாபிடம் பணிபுரிந்த ஓர் இந்து. ரம்ஜான் மாலைகளில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பரிமாறுவது சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள். மயிலாப்பூரில் சமைத்து வண்டியில் கொண்டுவந்து, தலையில் குல்லாய் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பரிமாறுவார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வேலை இல்லாமல் இருந்த நாட்களில் நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. இந்தப் பேட்டையின் மேல் எனக்குப் பாசம் வந்தது அப்போதுதான்.

அங்கிருந்து பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பல்லவர் காலக் கோயில், ஆழ்வார்கள் பாடிய தலம். மூலவர் வேங்கடகிருஷ்ணனைக் கொஞ்சம் நிதானமாக நின்று பாருங்கள். பெரிய மீசை, கையில் சங்கு. சக்கரம் கிடையாது, போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவர் அல்லவா? ருக்மிணி, பலராமன், சாத்யகி, மகன், பேரன் என்று குடும்பத்தோடு நிற்கிறார். உற்சவர் முகத்தில் இருக்கும் தழும்புகள் பீஷ்மரின் அம்பு பட்டவை என்பார்கள். வெளியே வரும்போது பிரசாதக் கடையில் சர்க்கரைப் பொங்கல் வாங்காமல் வராதீர்கள். மேற்கே பார்த்திருக்கும் நரசிம்மர் சன்னதியைப் பலர் தவறவிடுகிறார்கள், அங்கேயும் போங்கள். வைகுண்ட ஏகாதசியன்று மட்டும் முதல்முறை வர வேண்டாம், கூட்டத்தில் எதுவும் தெரியாது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு. 1921 செப்டம்பரில் அவர் உயிர் பிரிந்தது இங்கேதான். இப்போது அரசு நினைவு இல்லம். எத்தனையோ பேர் வாசலில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே போய் அரைமணி நேரமாவது இருங்கள். அந்தக் கூடத்தில் நின்றால் முப்பத்தெட்டு வயது எவ்வளவு சின்ன வயது என்று நெஞ்சில் தைக்கும்.

சரி, சாப்பாடு. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே, 1948-லிருந்து இருக்கிறது. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, அது முங்கும் வரைக்கும் ஜக்கிலிருந்து சாம்பாரை ஊற்றுவார்கள். தீர்ந்தால் மறுபடி ஜக்கு வரும். சாம்பார் கொஞ்சம் இனிப்புத் தூக்கலாக இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். அப்புறம் ஒரு காபி. மீன் சாப்பிடுகிறவர் என்றால் சேப்பாக்கம் பக்கம் நாயர் மெஸ். மதியம் கூட்டம் சேர்வதற்குள் போய்விடுங்கள்.

கடற்கரைக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போகிற வழியில் ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்த கட்டடம். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கிற நாளாக இருந்தால் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நில்லுங்கள், விக்கெட் விழுவது சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

பாரதி சாலையை வேண்டுமென்றே கடைசியாக வைத்தேன். பழைய பெயர் பைகிராப்ட்ஸ் ரோடு. நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு அடியில் அட்டை கிழிந்த ருஷ்ய மொழிபெயர்ப்பும் எப்போதோ நின்றுபோன இலக்கியப் பத்திரிகையும் கிடைக்கும். குனிந்து அடுக்கைக் கலைத்துத் தேடினால் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறைக்கு எடுத்தும் வைப்பார். என் வீட்டு அலமாரியில் பாதி அங்கே வாங்கியது.

காரில் மட்டும் வந்துவிடாதீர்கள், நிறுத்த இடமே இல்லை. பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். புத்தகத்துக்கு ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.