ஆயாக்கொட்டகை முதல் கல்யாண வீடு வரை: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்) வந்த கேள்விகள் இவை. சின்ன வயதில் பெற்றவர்களோடு இருந்த பிணைப்பு, பெரியவர்களானதும் உறவுகளில் எப்படித் தலைகாட்டுகிறது என்பதே எல்லாவற்றிலும் அடிநாதம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பு) போக வேண்டும். ஒன்றரை வயதுப் பையனை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நாற்றங்கால் வேலைக்குப் போகிறேன். வளர்ந்த பிறகு யார் மேலும் ஒட்டாமல் போய்விடுவானா?

வேலைக்குப் போவதால் மட்டும் அப்படி ஆகாது, அக்கா. பிணைப்பு பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மேரி எயின்ஸ்வொர்த் 1950களில் உகாண்டாவில் கவனித்த தாய்மாரில் பலரும் தங்கள் தோட்டத்தில் பயிர் வேலை செய்தவர்கள்தான். பிள்ளையைப் பிறர் பார்த்துக்கொள்வது அங்கும் சகஜம். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு சோதனை செய்தார். பழக்கமில்லாத அறை, சில பொம்மைகள், அம்மா இரண்டு தடவை வெளியே போய் வருவார். மொத்தம் 8 கட்டம், பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடம். அம்மா போகும்போது அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் அதில் முக்கியம்.

உறுதியான பிணைப்புள்ள பிள்ளை ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், அடங்கும், மறுபடி விளையாடப் போய்விடும். பதற்றப் பிணைப்புள்ளது தூக்கச் சொல்லிக் கை நீட்டும், தூக்கினால் உதைக்கும். விலகல் பிணைப்புள்ளது பொம்மையை உருட்டிக்கொண்டே இருக்கும், தலை நிமிராது. "என்ன சமர்த்து" என்போம். ஆனால் நெஞ்சுத் துடிப்பை அளந்து பார்த்தபோது அதற்கும் எகிறிக்கொண்டுதான் இருந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது: ஆயா அடிக்கடி மாறக் கூடாது. தூங்கும்போது நைசாக நழுவாதீர்கள். நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு இதுதான். கண் திறந்து பார்த்து அம்மா இல்லையென்றால், மறுநாளிலிருந்து முந்தானையை விடவே விடாது. அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். மத்தியானம் வந்ததும் உலை வைக்கும் முன் பத்து நிமிடம் மடியில் வையுங்கள். பத்து என்பது என் கணக்கு. சோறு அதற்குள் ஒன்றும் ஓடிவிடாது.

கேள்வி: சண்டை என்றால் வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் இருபது தடவை போன் அடிப்பேன், எடுக்க மாட்டார். யார் மேல் தப்பு?

வந்த கேள்விகளில் பாதி இதுதான். கேட்டவர்களில் சில ஆண்களும் உண்டு, அங்கே ஓடுவது மனைவி.

1987இல் ஹேசன், ஷேவர் என்ற இருவர் குழந்தைகளிடம் கண்ட அதே மூன்று போக்கைப் பெரியவர்களின் காதலிலும் தேடிப் பார்த்தார்கள், கிடைத்தது. அம்மாவின் கவனம் ஒருநாள் கிடைத்து ஒருநாள் கிடைக்காமல் வளர்ந்தவருக்கு, சத்தத்தைக் கூட்டினால்தான் ஆள் திரும்பும் என்று உடம்பு பழகியிருக்கலாம். அழுதால் திட்டு விழுந்த வீட்டில் வளர்ந்தவர், அடங்கிப் போனால்தான் தப்பிக்கலாம் என்று பழகியிருக்கலாம். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தும்போது நீங்கள் துரத்தத் துரத்த அவர் ஓடுவார், அவர் ஓட ஓட நீங்கள் துரத்துவீர்கள். யார் ஆரம்பித்தார் என்று தேடினால் விடியாது.

முதல் வேலை அவருக்கு. வெளியே போகலாம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "இப்ப பேசினா கத்திடுவேன். எட்டரைக்கு வர்றேன், பேசலாம்." குறைந்தது 20 நிமிடம் தேவை. தம்பதிகளை ஆராய்ந்த காட்மன் சொல்லும் அளவு அது. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது. எட்டரைக்கு வந்ததும் பேச்சை எடுக்க வேண்டியவரும் அவரே. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வந்து டிவி முன்னால் உட்கார்ந்தால், அடுத்த தடவை நீங்கள் மோட்டார் சாவியை ஒளித்து வைப்பீர்கள்.

உங்கள் வேலை: "சரி, எட்டரை" என்று ஒரே ஒரு செய்தி. பிறகு போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். அந்த இடைவெளியில் "அவர் இதைச் சொன்னால் நான் அதைச் சொல்வேன்" என்று ஒத்திகை பார்த்தால் நாடி இறங்காது. துணி மடியுங்கள், பூச்செடிக்குத் தண்ணீர் விடுங்கள். பேசும்போது "எப்பப் பார்த்தாலும் நீங்க" என்று ஆரம்பிக்காமல், "நீங்க சொல்லாம போனதும் எனக்குப் பயமா இருந்துச்சு" என்று தொடங்கிப் பாருங்கள். முதல் சில தடவை செயற்கையாக இருக்கும், இருக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் பிணைப்புப் பரீட்சை எழுதினேன், 'விலகல்' என்று வந்தது. நான் அவ்வளவுதானா?

இல்லை, தம்பி. ஆய்வில் பயன்படும் 1998ஆம் ஆண்டுக் கேள்வித்தாளில் 36 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அது பதற்றம் எவ்வளவு, விலகல் எவ்வளவு என்று இரண்டு அளவு தரும். பெட்டியில் போட்டு மூடாது. அம்மாவிடம் ஒரு மாதிரியும் காதலியிடம் வேறு மாதிரியும் இருப்பவர்கள் ஏராளம்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு இல்லையா?

நியாயமான சந்தேகம். எயின்ஸ்வொர்த்தின் அதே அறைச் சோதனையை வைத்து நடந்த, 8 நாடுகளின் 32 ஆய்வுகளை 1988இல் சேர்த்துப் பார்த்தார்கள்; நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம்தான் பெரிது. ஆனால் அந்த எட்டில் ஜப்பானும் சீனாவும் உண்டு, மலேசியாவும் இந்தியாவும் இல்லை. பாட்டி, அத்தை, பக்கத்து லயத்து அக்கா என்று பல கைகளில் வளரும் நம் பிள்ளைகளை அளக்கும்போது அம்மாவை மட்டும் வைத்து அளக்காதீர்கள்.

கேள்வி: அப்பா அம்மா சிங்கப்பூரில் வேலை. ஏழு வயது வரை பாட்டி வளர்த்தார். பிறகு ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இப்போது 26 வயது, கல்யாணம் என்றாலே பயம்.

உங்களுக்கு நடந்த பிரிவு ஒன்றல்ல, இரண்டு. அம்மாவைப் பிரிந்ததை எல்லாரும் பேசுவார்கள். பாட்டியிடமிருந்து பிரித்ததை, "அம்மாகிட்டதானே போறே" என்று சொல்லி யாரும் அழக்கூட விட்டிருக்க மாட்டார்கள்.

பெரியவர்களின் பிணைப்பை அறிய நடத்தும் நேர்காணலில் ஒரு பகுதி இருக்கிறது. மதிப்பெண் போடுவது பயிற்சி பெற்றவர் வேலை. யோசிப்பதற்கு அது உங்களுக்கும் உதவும். அம்மாவோடு இருந்த உறவைச் சொல்ல 5 சொற்கள் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்தச் சொல்லை ஏன் எழுதினீர்கள் என்று காட்டும் ஒரு சம்பவம். 'அன்பானவர்' என்று எழுதிவிட்டுச் சம்பவம் ஒன்றும் வரவில்லையென்றால், அந்தச் சொல்லைச் சும்மா போட்டிருக்கிறீர்கள். ஒரு சொல்லுக்கு நான்கு பக்கம் எழுதியும் கோபம் ஆறவில்லையென்றால் காயம் இன்னும் ஈரமாக இருக்கிறது. அதையே பாட்டிக்கும் செய்யுங்கள். நல்லதும் கெட்டதும் கலந்து, கோர்வையாகச் சொல்ல முடிந்தவர்கள், கஷ்டமான பிள்ளைப் பருவம் இருந்தும், உறுதியான பிணைப்புள்ளவர்களாகவே கணக்கில் வருகிறார்கள்.

கேள்வி: அப்பா குடித்துவிட்டு அடிப்பார். இப்போது கணவர் குரல் உயர்ந்தாலே உடம்பு விறைத்துவிடுகிறது.

அடைக்கலம் தர வேண்டியவரே பயத்துக்கும் காரணமானால் பிள்ளைக்கு ஓடவும் வழியில்லை, ஒட்டவும் வழியில்லை. மேலே சொன்ன பயிற்சியைத் தனியாகச் செய்யாதீர்கள், தங்கச்சி. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்ற ஆலோசகரா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. இப்போது கணவரும் அடிக்கிறார் என்றால் ஆலோசனை பிறகு. தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசி 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குளியலறையில் விழுந்ததாகச் சொன்னால், விழுந்ததாகத்தான் எழுதுவார்கள்.