எட்டுப் பேரை வைத்து என்ன ஆராய்ச்சி?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் அனுபவத்தை ஃபினாமினாலஜி முறையில் (ஓர் அனுபவம் அதை வாழ்பவருக்கு எப்படி இருக்கிறது என்று அவர் சொல்லிலிருந்தே அறியும் முறை) ஆய்வு செய்கிறேன்; எட்டுப் பேரிடம் பேட்டி. "எட்டுப் பேரை வைத்து என்னத்தை நிரூபிக்கப் போறே?" என்று புள்ளியியல் படித்த என் அண்ணன் கேலி செய்கிறார். முதல் இரண்டு பேட்டிகளிலும் "பரவாயில்லை", "பழகிடுச்சு" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது மேடம்?
- வாசகி, திருச்சி

பதில்: எதையும் நிரூபிக்கப் போவதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும்; அவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குத் தாகம் தாங்கவில்லை என்று அறிய எட்டுப் பேர் போதாதுதான். அந்தத் தாகம் எப்படி இருக்கிறது என்பதல்லவா உங்கள் கேள்வி? இந்த முறையை உளவியலில் வகுத்துக் கொடுத்த அமேதியோ ஜியோர்ஜி, குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்றார். எட்டு தாராளம்.

பிரச்சினை "பழகிடுச்சு"வில்தான் இருக்கிறது. யூனிஃபார்மோடு மெஷின் பக்கத்தில் நின்று "டயாலிசிஸ் அனுபவம் எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பீர்கள். நர்ஸிடம் நல்ல பேஷன்ட் வேறென்ன சொல்வார்?

ஒரு குறிப்பிட்ட பொழுதைக் கேளுங்கள். "நேற்று சாயங்காலம் தாகம் எடுத்ததா? அப்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?" என் மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டபோது ஒரு பெரியவர் சொன்னார்: மருமகள் அவர் கண்ணில் படாமல் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் குடிப்பாளாம். மடக் மடக்கென்ற சத்தம் கூடத்துக்குக் கேட்குமாம். தாகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பெண் தன் வீட்டிலேயே ஒளிந்து குடிப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். ஒன்று முதல் பத்து வரை மார்க் போடச் சொன்னால் இது எந்தக் கட்டத்தில் விழும்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நெதர்லாந்தில் பிறந்த பாதிரியாரும் உளவியலாளருமான ஏட்ரியன் வான் காம் 1959இல் வெளியிட்ட ஆய்வில், 365 மாணவர்களிடம், தங்களை ஒருவர் உண்மையாகவே புரிந்துகொண்ட சந்தர்ப்பத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அப்போது எப்படி உணர்ந்தார்கள் என்று எழுதச் சொன்னார். அபிப்பிராயம் கேட்கவில்லை. (இந்த 365ஐ அண்ணனிடமும் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார்.)

அப்புறம், உங்களுக்குப் பொட்டாசியமும் தெரியும், நீர்க்கட்டுப்பாடும் தெரியும். ஃபினாமினாலஜியைத் தொடங்கிவைத்த தத்துவவாதி ஹுசர்ல் சொன்னபடி அதையெல்லாம் கொஞ்ச நேரம் அடைப்புக்குறிக்குள் போட்டுவைக்க, அதாவது ஒதுக்கிவைக்க வேண்டும். என்ன பதில் வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதைப் பேட்டிக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அவர் "ஒரு மாதிரி இருக்கும்" என்றால் "மன அழுத்தமா?" என்று நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். "எந்த மாதிரி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடம், அவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

முதல் இரண்டு பேரையும் தள்ளிவிடாதீர்கள். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, சாதாரண உடையில், அவர்களுக்குச் சம்மதமென்றால் வீட்டிலேயே போய்ப் பேசுங்கள். இடம் மாறுகிறது என்பதால் போவதற்கு முன் எத்திக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வைவாவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.