சாவி யார் கையில்?

கேள்வி: மாதச் சந்தா கட்டி இருநூறு பாட்டுகளை போனில் இறக்கி வைத்திருந்தேன். இரண்டு மாதம் கட்டவில்லை, இப்போது ஒன்றுகூடப் பாடவில்லை. காசு கொடுத்தது நான்தானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காசு கொடுத்தீர்கள் தங்கச்சி, ஆனால் அது வாடகைக் காசு. பாட்டெல்லாம் இன்னும் போனில் பூட்டிய அலுமாரி மாதிரிக் கிடக்கலாம், சாவி சேவைக்காரரிடம். சில சேவைகளில், சந்தா ஒழுங்காகக் கட்டினாலும் 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும்.

விலைக்கு வாங்கிய பாட்டுக்கும் ஒரு காலம் பூட்டு இருந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் 2003இல் திறந்தது. அங்கே பூட்டை முழுக்கக் கழற்றியது 2009இல்தான். 2005இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் செய்தது இன்னும் மோசம். அவர்களின் சில இறுவட்டுகளைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுக்க, ஒளிந்திருக்கும் மென்பொருள் ஒன்றும் சேர்ந்தே ஏறியது. வழக்குகள் வந்தன, இறுவட்டுகளைத் திருப்பி எடுத்தார்கள்.

என்னிடம் 1998இல் புறக்கோட்டையில் வாங்கிய இறுவட்டு ஒன்று இருக்கிறது. உறையில் தேநீர்க் கறை, மூன்றாவது பாட்டில் ஒரு கீறல். ஆனாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுகிறது!

என்றைக்கும் வேண்டிய பத்துப் பாட்டையாவது பூட்டில்லாத எம்பி3 ஆக வாங்கி, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மற்றவற்றுக்குச் சந்தாவைப் புதுப்பித்தால் போதும், பட்டியல் அநேகமாக அப்படியே இருக்கும். பாட்டுகளைத் திரும்ப இறக்க வேண்டி வரலாம், டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.