சாட்சி சொல்ல என்னிடம் கதை இல்லையே என்ற கேள்விக்கு

சகோதரி, ஸ்தோத்திரம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஐந்து நிமிடம் சாட்சி, அதாவது ஆண்டவர் உங்கள் வாழ்க்கையில் செய்ததை, சொல்லக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் குழந்தையிலிருந்தே சபையில் வளர்ந்ததால் "இந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டேன்" என்று சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். தேதி கட்டாயம் என்று யார் சொன்னது? தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல், பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று வீட்டுக்குள்தான் போகிறார் (2 தீமோத்தேயு 1:5). அதை எழுதுகிற பவுலோ தமஸ்கு வழியில் வெளிச்சம் கண்டு விழுந்து, திடீரென்று மனம் மாறியவர்!

பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினையும் பாருங்கள். 387-இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்ற அவர், பின்னாளில் தன் வாழ்க்கையை 'அறிக்கைகள்' (Confessions) என்ற புத்தகமாக எழுதியபோது, 16 வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதற்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்தார். பசிக்காகத் திருடவில்லை, பெரும்பாலும் பன்றிகளுக்குத்தான் போட்டார்கள். பிறகு ஏன் செய்தேன் என்று கடவுளிடமே பேசிக்கொண்டு போகிறார். அந்தப் புத்தகம் முழுக்கவே அப்படித்தான்.

நீங்களும் முதலில் ஒரு நோட்டில் "ஆண்டவரே, அப்போது நீர்..." என்று அவரை நோக்கியே எழுதிப் பாருங்கள். திடப்படுத்தல் (சபையில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), கல்யாணம் போன்ற பெரிய நாட்கள் வேண்டாம். ஜெபமே வராமல் போன மாதங்கள், ஒருவரை மன்னிக்க முடியாமல் நற்கருணைக்குப் போய் நின்ற ஞாயிறு, இப்படித் தேடுங்கள். இன்னும் தீராதது என்றால் தீரவில்லை என்றே சொல்லலாம். மேடைக்காகப் பாவத்தை ஊதிப் பெரிதாக்குவது எனக்குப் பிடிக்காது. அது நிறைய நடக்கிறது.

அப்புறம், ஐந்து நிமிடத்துக்கு ஒரே சம்பவம் போதும். மாமியார் முன்வரிசையில் உட்காருவார் என்றால் அதற்கேற்றதாகப் பார்த்து எடுங்கள்.